இயற்கைப் பாடமும் எழுத்துப் பயிற்சியும்

1891 முதல் 1893 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயோர்க் மாநிலத்தில் வேளாண்மை நலிவுற்றது. நிலத்தைவிட்டு நகரடைந்தோரைப் புரக்கும் சுமை நியூயோர்க் நகரத்து அறநிலையங்களின்மேல் வீழ்ந்தது. நாட்டுப்புறச் சிறார்க்குத் தாம் வாழும் நிலத்தின்மீது இளமையிலேயே பற்றுண்டாக்கினால் இவ்விடப்பெயர்ச்சி தணியுமெனச் சிலர் கருதினர். அம்மாநிலப் பாடசாலைகளில் இயற்கைப் பாடம் பரவியமைக்கு இது தலையாய காரணம். உழவரின் துயரினின்று தோன்றிய இம்முயற்சி எழுத்துப் பயிற்சிக்கும் புதுவழி காட்டியமை, தொடக்கியோர் எதிர்பாராத பயனாகும்.

முதல் இடர் மாணாக்கரிடமன்று, ஆசிரியரிடமே இருந்தது. கிராமத்து ஆசிரியருட் பெரும்பாலார் இயற்கை விஞ்ஞானம் கற்றவரல்லர். அவர்களைப் பயிற்றும் பொறுப்பைக் கோர்னெல் பல்கலைக்கழகம் ஏற்றது. பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1896இல் எழுதிய முதலாவது ஆசிரியர் துண்டுநூல், பூசணிமுளை விதையினின்று வெளிப்படும் வகையைப் பொருளாகக் கொண்டது. விதையை ஊன்றிப் பார்ப்போர்க்கு ஒரு புதுமை தோன்றும்: முளைத்தண்டின் அடியிலுள்ள சிறு புடைப்பு விதையோட்டைப் பற்றிநிற்க, வித்திலைகள் அதனினின்று கழன்று மேலெழும். இதனைக் கண்டவர்க்கு எழுதப் பொருள் தேடவேண்டியதில்லை.

பின்னர் ஆசிரியர்க்கு அஞ்சல் வழியாகவும் பாடங்கள் அனுப்பப்பட்டன. இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர் அன்னா கொம்ஸ்ரொக் அம்மையார். அவர்தம் பாடங்களில் மாணாக்கர் கண்டறிய வேண்டியவை வினாக்களாகவே நின்றன. ‘அறியேன்’ என்பது ஆசிரியர்க்கு இழுக்கன்று என்பதும் அவர் வற்புறுத்திய கருத்தாகும். நம்மவருள் அச்சொல்லைக் கூசாது கூறுவோர் எத்துணையரோ!

மாணாக்கருக்கெனச் சங்கங்களும் அமைந்தன. அவற்றை நடத்திய ஜோன் ஸ்பென்சரைப் பிள்ளைகள் ‘ஜோன் மாமா’ என்றழைத்தனர். சங்கச் சந்தா காசன்று; தாம் கண்டதைக் குறித்து அவருக்கு எழுதும் கடிதமே. 30,000 அளவிலான பிள்ளைகள் இவ்வாறு எழுதினர். பல பாடசாலைகளில் அக்கடிதங்கள் மொழிப்பாடக் கட்டுரைகளாகவும் ஏற்கப்பட்டன. வகுப்பறைக் கட்டுரையை வாசிப்பவர் பெரும்பாலும் பிழை தேடுபவரே. இக்கடிதங்களுக்கோ செய்தியறிய விழைந்த ஒருவர் காத்திருந்தார். வேறுபாடு சிறிதெனினும் பிள்ளை அதனை நன்குணரும்.

இவ்விணைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. கண்டதையெல்லாம் கட்டுரையாக்குக எனப் பணித்தால், சிலந்திவலையும் வெறுப்புக்குரிய பாடமாகிவிடும். 1860களில் அதே மாநிலத்து ஒஸ்வீகோ ஆசிரிய கலாசாலை பரப்பிய பொருட்பாட முறையும், திறமையற்றோர் கையில் பெயர்களை மனனஞ் செய்விக்கும் சடங்காயிற்று. கொம்ஸ்ரொக் அம்மையார் இதனை உணர்ந்தவர். களக்குறிப்பேடு பிள்ளையின் சொந்த உடைமை, ஊக்குதற்கன்றி ஆசிரியர் அதனை விமரிசித்தல் ஆகாது என அவர் வரையறுத்தார். எழுத்துப்பிழையைத் திருத்தாதுவிடின் மொழியறிவு எங்ஙனம் வளரும் என வினவுதல் இயல்பே. திருத்துதற்கு வேறு ஏடுகள் உள. குறிப்பேட்டில் சிவப்பு மை படிந்தால், அடுத்தமுறை பிள்ளை கண்டதை விடுத்துத் தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்ததையே எழுதும்.

1899இல் அம்மையாருக்கு அளிக்கப்பட்ட துணைப் பேராசிரியர் பதவிப்பெயர், பெண்ணொருவர்க்கு அது தகாதெனப் பல்கலைக்கழக ஆட்சியினர் தடுத்தமையால் விரிவுரையாளரென மாற்றப்பட்டது. அவர் முழுப் பேராசிரியரானது 1920இலேயே. அஞ்சற் பாடங்களைத் திரட்டி 1911இல் அவர் வெளியிட்ட இயற்கைப் பாடக் கைந்நூல் நட்டமே தருமென அவருடைய கணவரும் அஞ்சினார். அது இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.