80-க்கும் 90-க்கும் நடுவே

அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்க கேஸ் ஃபர்னஸ் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது ஒரு சதவீதக் கணக்கு. வருஷம் முழுக்க எரிக்கும் கேஸில் எத்தனை பங்கு வீட்டுக்குள் வெப்பமாக வந்து சேருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. கடையில் 80 இருக்கும். விலை குறைவு. அப்புறம் 92, 95, 96 என்று இருக்கும். விலை கூடுதல். ஆனால் 85? 87? தேடினாலும் கிடைக்காது. புடவைக் கடையில் 800 ரூபாய்ப் புடவை இருக்கு, 3000 ரூபாய்ப் புடவை இருக்கு, நடுவில் ஒன்றுமே இல்லைன்னா நமக்குச் சந்தேகம் வருமா, வராதா?

இந்த ஓட்டைக்குப் பின்னால் நூறு வருஷக் கதை ஒன்று இருக்கு. அதைத் தெரிந்துகொண்டால், ‘கட்டுப்படியாகிற ஃபர்னஸ் எது’ என்ற கேள்விக்குப் பாதி பதில் அதற்குள்ளேயே கிடைக்கும்.

முதலில், ஃபர்னஸ் என்றால் என்னன்னு நம்ம ஊர் வாசகர்களுக்காக ஒரு பத்தி. பெரும்பாலும் நிலவறையில், அதாவது பேஸ்மென்ட்டில், ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி நிற்கும். உள்ளே கேஸ் எரியும். எரிந்த புகை ஒரு வழியாக வெளியே போகும். வீட்டுக் காற்று வேறு வழியாக வந்து, சூடான உலோகச் சுவரைத் தொட்டு, குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும். புகையும் காற்றும் கலக்கவே கூடாது. கலந்தால் கார்பன் மோனாக்சைடு, உயிருக்கே ஆபத்து. அளவு சொல்வது பி.டி.யு. கணக்கில். ஏசி வாங்கியவர்களுக்கு இது புரியும்: ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. நடுத்தர அளவு வீட்டுக்குச் சாதாரணமாக வைக்கும் 60,000 பி.டி.யு. ஃபர்னஸ், நம்ம ஒன்றரை டன் ஏசி மூன்றுக்கும் மேலான வேலையைத் தலைகீழாகச் செய்கிறது.

இனி கதை. ஆரம்பத்தில் இதெல்லாம் நிலக்கரி. 1895 வாக்கில் அயோவா மாநிலத்தின் மார்ஷல்டவுன் ஊரில் டேவ் லெனாக்ஸ் என்பவர், எஃகுத் தகடுகளை ஆணியடித்து இணைத்த ஃபர்னஸைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். அதுவரை இருந்த வார்ப்பிரும்பு உலைகள் சூட்டில் வளைந்து, விரிசல் விட்டு, புகையை வீட்டுக்குள் கசியவிடும். 1904-ல் அவர் தொழிலை அந்த ஊர்ப் பத்திரிகை உரிமையாளர் ஒருவரிடம் விற்றுவிட்டார். பெயர் மட்டும் இன்றைக்கும் பெட்டியின் மேல் இருக்கு.

நிலக்கரி வீட்டின் அமைப்பைக் கவனியுங்கள். பேஸ்மென்ட்டில் ஒரு மூலை கரிக்கு. நடுவில் உலை. அதிலிருந்து ஆக்டோபஸ் கால்கள் மாதிரி நாலா பக்கமும் பெரிய பெரிய குழாய்கள். விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏறும், அவ்வளவுதான். நடுவே செங்கல்லால் கட்டிய உயரமான புகைபோக்கி. கொதிக்கக் கொதிக்கப் போகும் கரிப்புகை நேராக மேலே ஏற வேண்டும் என்பதற்காகக் கட்டியது. மொத்த வீடுமே அந்தப் புகைபோக்கியைச் சுற்றிக் கட்டினதுன்னு சொன்னாலும் தப்பில்லை.

கேஸை வைத்து வீடு முழுவதையும் சூடாக்கலாம் என்ற யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. நியூ ஜெர்சி மாநிலம் மாரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு 1919 டிசம்பர் 23 அன்று ஒரு காப்புரிமை கிடைத்தது. வெவ்வேறு அறைகளுக்குத் தனித்தனிக் குழாய், தனித்தனிக் கட்டுப்பாடு என்று வரைந்திருந்தார். யோசனை இருந்தது, ஆனால் எரிவாயு இருந்தது டெக்சாஸ் பக்கம், குளிர் இருந்தது வடகிழக்கில். நடுவில் குழாய் இல்லை.

குழாய் வந்த கதை யுத்தத்தில் இருக்கு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்க, டெக்சாஸிலிருந்து கிழக்குக் கரைக்குத் தரை வழியே இரண்டு பெரிய குழாய்களை அமெரிக்க அரசு போட்டது. ‘பிக் இன்ச்’, ‘லிட்டில் பிக் இன்ச்’ என்று பெயர். போர் முடிந்ததும் 1947-ல் அவற்றைத் தனியாருக்கு விற்றார்கள். எண்ணெய்க்குப் பதில் எரிவாயு ஓட ஆரம்பித்தது. கனடாவில் ஆல்பர்ட்டா எரிவாயு டொராண்டோ பக்கம் வந்து சேர 1958 ஆனது. அந்தக் குழாய்க்காக 1956-ல் நாடாளுமன்றத்தில் நடந்த ரகளையில் பெயர் கெட்ட லிபரல் கட்சி, அடுத்த வருஷமே 22 வருஷ ஆட்சியை இழந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1940 அமெரிக்கக் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் நிலக்கரியில் சூடானவை, கேஸ் பத்தில் ஒரு பங்கு சொச்சம். 1970-ல் தலைகீழ்: பாதிக்கு மேல் கேஸ், நிலக்கரி 3 சதவீதம்கூட இல்லை. முப்பதே வருஷம்! கரி மூலை காலியாச்சு, பேஸ்மென்ட் இன்னொரு அறையாச்சு. ஆனால் புகைபோக்கியை யாரும் இடிக்கவில்லை. கரி உலையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே புகைபோக்கியில் கேஸ் உலையை மாட்டினார்கள். நம்ம கதைக்கு இதுதான் முக்கியம்.

அந்தப் பழைய ஃபர்னஸ்கள் 56 முதல் 70 சதவீதம்தான் தேறும். மீதி சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்கு. கேஸ் மலிவாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. 1976-77 குளிர்காலத்தில் எரிவாயுவுக்கே தட்டுப்பாடு. 1977 பிப்ரவரி 2 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் வந்து, பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட், ராத்திரி 55 டிகிரிக்கு மேல் வீட்டைச் சூடாக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 55 என்றால் நம்ம கணக்கில் 13 டிகிரி செல்சியஸ்.

சரி, புகையோடு போகும் சூட்டை எப்படிப் பிடிப்பது? இதற்கு இட்லிப் பானையைப் பார்த்தால் போதும். ஆவி இட்லி மேல் பட்டு, நீராகக் குளிரும்போது விடும் வெப்பத்தில்தான் இட்லி வேகுது. கேஸ் எரியும்போதும் நிறைய நீராவி உண்டாகிறது. கேஸின் மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த நீராவியில் ஒளிந்திருக்கு. புகையைச் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரவைத்தால் நீராவி நீராகும், ஒளிந்த வெப்பமும் கைக்கு வரும். 1980களின் தொடக்கத்தில் இப்படி வேலை செய்யும் ஃபர்னஸ்கள் சந்தைக்கு வந்து 90-ஐத் தாண்டின. லெனாக்ஸின் ‘பல்ஸ்’ அதில் பேர்போனது. சத்தமும் பேர்போனதுதான்.

சிக்கல் அந்தத் தண்ணீரில். அது சுத்தமான தண்ணீர் இல்லை, அமிலத்தன்மை உள்ளது. செங்கல் புகைபோக்கியின் சாந்தை அரிக்கும், சாதாரண உலோகத்தைத் துளைக்கும். அதனால் 90-க்கு மேல் போகும் ஃபர்னஸுக்குத் துருப்பிடிக்காத இரண்டாவது வெப்பமாற்றி வேணும், தண்ணீர் வடிய வழி வேணும், புகைக்குத் தனி பிளாஸ்டிக் குழாய் வேணும். குளிர்ந்த புகை தானாக மேலே ஏறாது, சுவரைத் துளைத்து விசிறியால் தள்ளணும். 80-ல் நின்றுவிட்டால் புகை சூடாகவே இருக்கும்; பழைய புகைபோக்கி வழியே ஏறிப் போய்விடும்.

இப்போ அந்த நடுவிடம். 83, 85-ல் புகை முழுசாகக் குளிரவும் குளிராது, சூடாக ஏறவும் ஏறாது. வழியிலேயே வியர்க்கும். புகைபோக்கி கெடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இதைச் சமாளிக்க, அதிகச் சூடு தாங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் குழாயைச் சில நிறுவனங்கள் பரிந்துரைத்தன. அது விரிசல் விட்டது, இணைப்புகள் கழன்றன, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும் அபாயம் வந்தது. 1998-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, சுமார் 2,50,000 ஃபர்னஸ், பாய்லர்களின் குழாய்களை மாற்றும் திட்டத்தை அறிவித்தது. நடுத்தரம் செத்தது அப்படித்தான். கடைக்காரர் ஒளித்து வைக்கவில்லை, இயற்பியல் விடவில்லை.

சட்டமும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டது. 1986-ல் கையெழுத்திட மறுத்த ரீகன், 1987-ல் சாதனங்களுக்கான எரிசக்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி 1992 முதல் குறைந்தபட்சம் 78. பிறகு 80. அதற்கு மேல் ஏற்றணும்னா படிப்படியாக ஏற்ற முடியாது, 90-க்குத் தாவணும். 2011-ல் வடக்கு மாநிலங்களுக்கு 90 என்று விதி வந்தது. நகராட்சிகளின் கேஸ் விநியோக அமைப்புகளுடைய சங்கம் நீதிமன்றம் போனது. 2014 சமரசத்தில் விதி போச்சு. 2023-ல் மறுபடி, இந்த முறை நாடு முழுக்க 95, 2028 இறுதியிலிருந்து. மறுபடி வழக்கு.

எதிர்த்தவர்களுக்கு வியாபார நோக்கம் உண்டு. வாடிக்கையாளர் மின்சாரத்துக்கு மாறிவிடுவார் என்ற பயம். ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு நிஜமும் இருக்கு. ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீட்டில், பக்கச் சுவரே பக்கத்து வீட்டுச் சுவராக இருந்தால், குழாயை எங்கே விடுவது? அந்தச் செலவு ஏழைக்கும் ஒன்றுதான். மறுபக்கம் வாடகைக்காரர் இருக்கிறார். ஃபர்னஸை வாங்குவது வீட்டுக்காரர், கேஸ் பில் கட்டுவது பல இடங்களில் குடியிருப்பவர். வீட்டுக்காரர் 80-ஐத்தானே வாங்குவார்? விதி இல்லாவிட்டால் இந்த மனிதருக்காகப் பேச யாருமில்லை. என் சாய்வு அந்தப் பக்கம்தான். கனடா இதில் சுற்றி வளைக்கவில்லை: 2010-லிருந்து 90, 2019-லிருந்து 95. ஸ்கார்பரோவில் நம்மவர்கள் வீட்டுப் பக்கச் சுவரில் ஜனவரியில் வெள்ளையாக ஆவி விடும் பிளாஸ்டிக் குழாய்க்கு இதுதான் காரணம்.

அப்போ அமெரிக்காவில் இன்னும் தேர்ந்தெடுக்க முடிகிறவர் எதை வாங்கலாம்? ஒரு சின்னக் கணக்கு. 80-ல் வருஷத்துக்கு 700 தெர்ம் கேஸ் சூட்டுக்கு மட்டும் செலவாகுதுன்னு வைச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்தது 560. அதே 560-ஐ 96-ல் தர 583 போதும். மிச்சம் 117. தெர்முக்கு ஒன்றரை டாலர் என்றால் வருஷம் 175 டாலர். பொருத்தும் கூலியோடு சேர்த்து வித்தியாசம் 1,750 டாலர் என்றால் பத்து வருஷத்தில் கைக்கு வரும். ஃபர்னஸ் ஆயுசு 15, 20 வருஷம். குளிர் அதிகமுள்ள ஊரில் லாபம், தெற்கே மிதமான குளிரில் அவ்வளவு இல்லை.

இதைவிடப் பணம் வீணாவது அளவில். கரி காலத்து வீடு ஓட்டை வீடு, அதற்குப் பெரிய உலை தேவைப்பட்டது. பிறகு ஜன்னல் மாறியது, சுவரில் வெப்பக்காப்பு வந்தது. ஆனால் மாற்றும்போதெல்லாம் பழைய பெட்டியின் எண்ணைப் பார்த்து அதே அளவை வைத்தார்கள். கடுங்குளிரில் ‘சூடு போதலை’ன்னு வாடிக்கையாளர் கூப்பிடக் கூடாது என்ற பயம் பொருத்துபவருக்கு. 60,000 போதும் என்ற இடத்தில் 1,00,000. அது சட்டென்று சூடாக்கிவிட்டு நிற்கும், மறுபடி எரியும், நிற்கும். ஒரு அறை கொதிக்கும், இன்னொன்று குளிரும், கருவியும் சீக்கிரம் தேயும். ஜன்னல், சுவர், ஊர்க் குளிர் எல்லாம் சேர்த்து வெப்ப இழப்பைக் கணக்குப் போட முறையான வழி இருக்கு. போட்டுக் காட்டாமல் விலை சொல்பவரை அனுப்பிவிடலாம்.

விலை கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்க. பல வீடுகளில் வெந்நீர் போடும் ஹீட்டரும் அதே புகைபோக்கியைப் பங்குபோட்டுக்கொள்கிறது. புது ஃபர்னஸ் சுவர் வழியே வெளியேறிவிட்டால், அவ்வளவு பெரிய புகைபோக்கியில் சின்ன ஹீட்டர் தனியாக மாட்டும். அதன் புகைக்கு அதைச் சூடாக்கத் தெம்பு இருக்காது. செங்கல் ஈரமாகும், புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரலாம். அமெரிக்கப் பொருத்துநர்கள் அந்த ஹீட்டரை ‘அநாதை’ என்கிறார்கள். புகைபோக்கிக்குள் சின்ன உலோகக் குழாய் இறக்கணும், இல்லை ஹீட்டரையும் மாற்றணும். முதலில் எழுதித் தரும் விலையில் அது சேர்ந்திருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.