படத்துக்கு உரியவர் யார்?

கடையில் வாங்கிய காலண்டர் ஒன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. காசு கொடுத்து வாங்கியதால் அதிலுள்ள படமும் நமக்கே சொந்தம் என்று நினைக்கிறோம். தாள்தான் நமக்குச் சொந்தம். படத்தை மறுபடி அச்சிட்டு வெளியிடும் உரிமை, அதை எடுத்தவருக்கோ அவரிடம் முறைப்படி உரிமை பெற்றவருக்கோதான் உண்டு. இதையே பதிப்புரிமை என்கிறோம். உழைத்து எடுத்த படத்துக்குக் கூலி கேட்பது நியாயமே. ஆனால் கேட்பவர் உண்மையில் உரியவர்தானா? சீனாவில் நடந்ததைப் பார்ப்போம்.

படங்களைச் சேர்த்து வைத்துக் கட்டணத்துக்குக் கொடுப்பது பழைய தொழில். 1935-இல் ஓட்டோ பெட்மன் என்ற யூதர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி, இரண்டு பெட்டி நிறையப் படங்களுடன் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவர் தொடங்கிய களஞ்சியத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. 1995-இல் அதை பில் கேட்ஸின் கோர்பிஸ் நிறுவனம் வாங்கியது. 2016-இல் அது விஷுவல் சைனா என்ற சீன நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இந்த விஷுவல் சைனாதான், அமெரிக்காவின் பெரிய படநிறுவனமான கெட்டி இமேஜஸின் சீனப் பிரதிநிதி. நம் தோட்டங்களின் பழைய கதை உங்களுக்குத் தெரியும். முதலாளி லண்டனில் இருப்பார். இங்கே ஏஜென்சி கம்பெனி நிர்வாகம் செய்யும். இதுவும் அப்படித்தான்.

வெளிநாட்டார் படைப்பையும் காக்கும் பெர்ன் ஒப்பந்தம் 1886-இல் உருவானது. சீனா 1992-இல் அதில் சேர்ந்தது. 2014-இல் ஹார்பின் நகரக் கம்பெனி ஒன்றின் மீதான வழக்கில், சீன உச்ச மக்கள் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு வழங்கியது. படத்தின் மேலுள்ள கெட்டியின் முத்திரையும், கெட்டி கொடுத்த அதிகாரக் கடிதமும் முதற்கட்டச் சான்றாகப் போதும். மறுப்பவர்தான் எதிர்ச்சான்று கொண்டுவர வேண்டும் என்றது.

பிரதிநிதிக்கு இது பெரிய பலம். படங்கள் எங்கெங்கே பயன்படுகின்றன என்று தேட ஒரு கணினி முறையையும் விஷுவல் சைனா அமைத்தது. பணம் கேட்டுக் கடிதங்கள் போயின.

2019 ஏப்ரல் 10-ஆம் நாள், விண்ணிலுள்ள கருந்துளையின் முதல் படத்தை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அதைப் பயன்படுத்தலாம். விஷுவல் சைனாவோ அதற்கும் உரிமை கொண்டாடியது. சீன தேசியக் கொடியும் அதன் விற்பனைப் பட்டியலில் இருப்பதை மக்கள் கண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதன் இணையத்தளம் ஒரு மாதம் மூடப்பட்டது. அரசு 3 லட்சம் யுவான் அபராதம் விதித்தது.

அதோடு முடியவில்லை. 2023-இல் வானியல் புகைப்படக் கலைஞர் தாய் ஜியான்ஃபெங்கிடம், அவரே எடுத்த 173 படங்களுக்காக 80,000 யுவானுக்கு மேல் கேட்கப்பட்டது! அப்படங்கள் ஸ்டாக்டிரெக் என்ற நிறுவனம், பிறகு கெட்டி என்ற வழியில் தனக்கு வந்தன என்று விஷுவல் சைனா விளக்கியது. விஷுவல் சைனாவுக்குத் தாம் எந்த உரிமையும் தரவில்லை என்றார் கலைஞர். படம் கைமாறிக் கைமாறிப் போனதில், எடுத்தவரே கடன்காரராகிவிட்டார்.

நேயர்களே, பிறர் படத்தைக் கேளாமல் எடுப்பது தவறு. கோயில் விழா மலரானாலும் பள்ளி மலரானாலும் அனுமதி பெற்றே அச்சிட வேண்டும். அதேபோல், உரிமை கேட்டுக் கடிதம் வந்தால் பயந்துவிடவும் வேண்டாம். படத்தை எடுத்தவர் யார், அவரிடமிருந்து உங்களுக்கு உரிமை வந்ததற்குப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.