சூடாகாத கம்பி

கரன்ட் போனா கம்பி சூடாகும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான். அப்படின்னா, கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும் கம்பிமேல் பனிக்கட்டி எப்படிப் படியும்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1998 ஜனவரியில் நடந்ததைப் படித்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகம் இது.

ஜனவரி 5 முதல் அங்கே உறைமழை. தண்ணீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் கட்டியாகிவிடும் மழை. சின்னதா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 30 மி.மீ. விட்டமுள்ள கம்பியைச் சுற்றி 40 மி.மீ. தடிமனுக்குப் பனி படிந்தால் மீட்டருக்கு 8 கிலோ. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 300 மீட்டர் என்றால் ஒரு கம்பியில் மட்டும் 2.4 டன். 735 கிலோவோல்ட் லைனில் ஃபேஸுக்கு நாலு கம்பி, மொத்தம் பன்னிரண்டு. கிட்டத்தட்ட 29 டன்! சுமார் 1,000 இரும்புக் கோபுரங்களும் 30,000 மரக்கம்பங்களும் சாய்ந்தன. சில ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, அதுவும் அந்தக் குளிரில்.

கம்பி ஏன் சூடாகவில்லை? உலகின் முதல் 735 கிலோவோல்ட் லைனை 1965இல் ஓடவிட்டது ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம். யோசனை பொறியாளர் ழான்-ழாக் ஆர்ஷாம்போவுடையது. தொலைதூர அணைகளிலிருந்து மின்சாரம் கொண்டுவர வேண்டும். வோல்டேஜை ஏற்றினால் கரன்ட் குறையும். கரன்ட் பாதியானால் வெப்ப இழப்பு கால்வாசி ஆகிவிடும். இருக்கிற கரன்டையும் நாலு கம்பிகள் பங்குபோட்டுக்கொள்ளும். ஆக, கம்பி சூடாகாமல் இருப்பதுதான் அந்த வடிவமைப்பின் வெற்றி. பனி உருகாததற்கும் அதேதான் காரணம்.

புயலுக்குப் பிறகு லெவி துணைமின் நிலையத்தில் 250 மெகாவாட் பனி உருக்கும் கருவியை அமைத்தார்கள். ஏசி சரிப்படாது, இவ்வளவு நீளமான லைனில் மின்தடையைவிட மின்தூண்டல் எதிர்ப்பு பல மடங்கு அதிகம். டிசிக்கு அந்தத் தொல்லை இல்லை. சோவியத் யூனியனில் ஏற்கெனவே கையாண்ட வழிதான். லைனைத் தற்காலிகமாக நிறுத்தி, மறுமுனையில் ஃபேஸ்களை ஒன்றாக இணைத்து, 7,200 ஆம்பியர் வரை டிசி அனுப்பலாம். எல்லாப் பனியும் உருக வேண்டாம். கம்பி பனியை அறுத்துக்கொண்டு வெளியே வந்தால் போதும், மீதி தானே விழுந்துவிடும்.

பனி இல்லாத நாட்களில் அதே கருவி மின்தொகுப்பின் வோல்டேஜைச் சீராக வைத்திருக்க உதவுகிறது. துளி வெப்பமும் வீணாகக்கூடாதென்று கட்டிய லைனுக்கு, வேண்டுமென்றே வெப்பத்தைக் கொட்ட இன்னொரு இயந்திரம்! மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை, ஆபத்து நாளுக்கென்று திருப்பிச் செலவழித்திருக்கிறார்கள்.