பெற்றோர் இருந்தும் தனித்து வளர்ந்தோர்: ஜொகூர்த் தோட்டப்புறப் பிள்ளைகள்

1909ஆம் ஆண்டில் கேமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை ஓடத் தொடங்கிற்று. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என அதனை ஒட்டிக் காடழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணியின் சொல்லை நம்பித் தமிழகத்தினின்றும் வந்த இளைஞர் பலர் அங்கேயே மணம் புரிந்து பெற்றோராயினர். பாட்டியும் அத்தையும் ஊரில். பிள்ளை மட்டும் லயத்தில். கைகொடுக்க மூத்தோர் இல்லாத பிள்ளை வளர்ப்பு அவர்களுக்குப் புதிது.

தொழிலின் இயல்பும் பிள்ளைக்குப் பகையாயிற்று. வெயில் ஏறினால் பால் வடிதல் குறையும். ஆகவே இருள் பிரியுமுன் தகப்பனும் தாயும் ஒருசேரப் பெரட்டுக்குச் செல்லவேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். பத்து வயது கடந்த பிள்ளையை ஏற்கும் கொட்டகை ஏது? தம்பி தங்கையர்க்குச் சோறாக்குவதும் தண்ணீர் சுமப்பதும் அதன் பொறுப்பு. பெண் பிள்ளையாயின் சொல்லவே வேண்டா. மாலையில் தகப்பனைக் கள்ளுக்கடையில் காணலாம். உரிமம் பெற்ற அக்கடைகளின் இலாபத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டதுதான் வேடிக்கை. வீட்டைக் கெடுத்த காசே வீட்டிற்கு நன்மையாகத் திரும்பும் என்று கணக்கிட்டனர் போலும்!

இத்தகைய பெற்றோரைப் பொறுப்பற்றவர் என்று பழிப்பது எளிது. அவர்கள் வளர்ந்த விதத்தையும் நோக்கவேண்டும். 1942க்குப்பின் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்து, பிழைப்புக்காக வேலையில் இறங்கிய சிறுவரே 1950களில் தாமும் தகப்பன்மாராயினர். தகப்பன் என்பவன் செய்வதென்ன என்பதைக் கண்டு கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே கிடைத்தது?

தோட்டப்பள்ளியும் நெடுங்காலம் தொடக்க வகுப்புகளோடு நின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெளிக்காட்டு வேலைக்குப் போயிற்று, இல்லையேல் வெறுமே திரிந்தது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீங்கி, 1965இல் மூன்றாம் படிவம் வரை வழி திறந்த பின்னரே இந்நிலை ஓரளவு மாறிற்று. பிள்ளையைப் பேணாது விடுதல் குறித்து மலேசியாவில் தனிச்சட்டம் வந்ததோ 1991இல். அதனிடத்தில் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் அமைந்தது.

அதற்குள் தோட்டங்கள் பல கைமாறி, குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் பக்கம் குடிபெயர்ந்தன. இன்று ஜொகூர் பாருவில் தாய்தந்தையர் பலர் விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் பாலங் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வீடு திரும்ப இரவாகிறது.