குளிரும் கையுறையும்

திருவண்ணாமலையை அக்கினித் தலம் என்பார்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு கிரிவலம் வந்தவர்களுக்கு அதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிருக்குப் போடும் கையுறையைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன் கார்த்திகை மாதத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

தீபத் திருவிழா சமயத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சி பாதி நாள் மேகத்துக்குள் மறைந்திருக்கும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து ஏழு உயிர்கள் போயின. அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையையும் நெய்யையும் சுமந்து செல்பவர்கள் மட்டும் நனைந்த பாறைகளில் ஏறினார்கள். நெருப்பு மூட்டப் போகிறவனுக்கும் முதலில் கிடைப்பது குளிரும் ஈரமுந்தான்.

என் மருமான் ஒருவன் மலைச் சைக்கிள் வைத்திருக்கிறான். பட்டை டயர், முன்புறம் ஸ்பிரிங், விலையைச் சொன்னால் என் போன்றவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு மார்கழி விடியற்காலையில் அவன் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனான். ஜமுனாமரத்தூர் போய்த் திரும்பி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் பனியன் துணியால் செய்த கிளவுஸ் போட்டிருந்தான்.

"வளைவிலே பிரேக்கைப் பிடிக்கப் போனேன் மாமா. விரல் மடங்கவே இல்லை. யாரோட கையோ மாதிரி இருந்தது" என்றான்.

சாலையோர மண்மேட்டில் மோதி விழுந்ததால் பிழைத்தான். மறுபக்கம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வந்திராது.

நம் விரல்களில் அவற்றை மடக்கும் தசைகள் கிடையாது. அவை முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. விரலில் இருப்பது எலும்பும் நரம்பும் மெல்லிய இரத்தக் குழாய்களும். உடம்புக்குக் குளிர் கண்டால் அது தன் நடுப்பாகத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே பனிக்கட்டி விழாத நம் மலைகளிலுங்கூட நனைந்த கையும் எதிர்காற்றும் சேர்ந்தால் போதும்.

நம் முன்னோர்கள் கையுறையை அறியாதவர்கள் அல்ல. விசுவாமித்திரரோடு புறப்பட்ட ராம லட்சுமணர்கள் உடும்புத் தோலாலான விரற்காப்பு அணிந்திருந்ததாக வால்மீகி சொல்கிறார். அது வில்லின் நாணுக்காக, குளிருக்காக அல்ல. 'கையுறை' என்ற நம் சொல்லுக்கோ பழைய அகப்பாடல்களில் வேறு அர்த்தம். தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவுமான காணிக்கைதான் கையுறை.

குளிருக்கான கையுறையின் அருமையை உலகத்துக்கு உணர்த்தியவர் பிரெஞ்சுக்காரரான மோரிஸ் எர்ஸாக். 1950 ஜூன் 3ஆம் தேதி அவரும் லூயி லாஷ்னாலும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவின் உச்சியில் நின்றார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் கால் வைத்தது அதுவே முதல் தடவை. இறங்கும் வழியில் எர்ஸாக் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். இரண்டும் சரிவில் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. திரும்பும் வழியிலேயே டாக்டர் ஊடோ கருகிய விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தைப் பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தை அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடி வாயால் சொல்லித்தான் எழுதுவித்தார்.

மூன்று வருஷம் கழித்து, 1953 மே 29ஆம் தேதி எவரெஸ்டில் ஏறிய டென்சிங்கும் ஹிலாரியும் ஆளுக்கு மூன்று ஜோடிக் கையுறை அணிந்திருந்தார்கள். உள்ளே பட்டு, நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத துணி. ஆனாலும் ஹிலாரி முதல் நாள் இரவு ஈரமான பூட்ஸைக் கழற்றி வைத்ததில் அது கல்லாய் உறைந்துவிட்டது. காலையில் அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. டென்சிங் பூட்ஸோடேயே தூங்கியிருந்தார். ஈரம் என்னும் சத்துரு எவரெஸ்டில்கூட விடவில்லை.

மலைச் சைக்கிளின் சரித்திரமோ நேற்றுப் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர்கள் பழைய பட்டை டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவைக்கு மிதியைப் பின்னுக்கு அழுத்தும் பிரேக்தான். ஓர் இறக்கத்துக்குள் அதிலுள்ள மசகு புகைந்து தீர்ந்து போகும். பிறகுதான் கையால் பிடிக்கும் பிரேக் வந்தது. அன்று முதல் மலைச் சைக்கிள்காரனின் உயிர் காலிலிருந்து இரண்டு விரல்களுக்கு மாறிவிட்டது.

ஆகவே கையுறையைத் தேர்ந்தெடுக்கும்போது 'எது அதிகச் சூடு?' என்று கேட்பது தப்பு. 'இதைப் போட்டுக்கொண்டு கை தன் வேலையைச் செய்யுமா?' என்று கேட்க வேண்டும். பருமனான கையுறை கதகதப்பாக இருக்கும். பிரேக் மட்டும் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இறுக்கமானது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பருத்தி நீரைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். முழுதும் நனையாத கையுறை என்று விற்பதிலும் மணிக்கட்டு வழியாக மழை இறங்கும். உள் துணி நனைந்துவிட்டால் எளிதில் காயாது. கொட்டும் மழைக்கு நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உண்டு. முத்துக்குளிப்பவர் போல நனைவதை ஒப்புக்கொண்டு, உள்ளே புகுந்த சிறிது நீரை உடம்புச் சூட்டாலேயே வெதுவெதுப்பாக வைத்திருக்கும் யுக்தி அது.

நம் ஜவ்வாது மலைக்கு அவ்வளவு வேண்டாம். பருத்தி கலவாத, மெல்லிய, விரல் முழுதும் மூடும் கையுறை ஒன்று. உள்ளங்கையில் வழுக்காத பட்டை. போட்டுக்கொண்டு தரையில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசை எடுக்க முடிந்தால் சரியான அளவு. ஏறும்போது கழற்றிவிட வேண்டும், வேர்வையும் ஈரந்தானே! இறங்குவதற்கு முன் மாட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், பிளாஸ்டிக் பையில் சுற்றிய காய்ந்த ஜோடி இன்னொன்று. எர்ஸாக்கின் பத்து விரல்களும் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

நான் இரண்டு ஜோடி வாங்கி மருமானிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு மாமா ரெண்டு?" என்றான். அன்னபூர்ணா கதையைச் சொன்னேன். பேசாமல் இரண்டாவது ஜோடியைப் பைக்குள் வைத்துக்கொண்டான். காணிக்கை என்ற பழைய அர்த்தத்திலும் அது கையுறைதான்.