கல்வளைவைக் கணக்கிட்ட வரலாறு: பதின்மூன்று கண் பாலத்தை முன்வைத்து ஹேமனுக்கு ஒரு மறுப்பு

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயில் பாதையில், கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவே பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. பயணிகளுக்காகப் பாதை திறந்தது 1904 இல். பாலம் அதற்குச் சற்று முன்பே எழுந்திருக்க வேண்டும். ஆண்டை அதற்குமேல் நெருக்கிச் சொல்ல நான் துணியவில்லை. 2018 இல் அகலப்பாதை வந்தபோதும் அதன் கல்வளைவுகளை இடிக்காமல் வலுவூட்டி வைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய வளைவுகளைக் கணக்கிடும் முறையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பொறியாளர் ஜாக் ஹேமனின் கண்கொண்டே பார்க்கிறோம். கல் இழுவிசை தாங்காது, அமுக்கத்தில் நொறுங்காது, கல்லோடு கல் வழுக்காது என்ற மூன்று எடுகோள்களை அவர் 1966 இல் முன்வைத்தார். அமுக்கம் இறங்கிச் செல்லும் பாதையான உந்துவிசைக் கோடு வளைவின் தடிமனுக்குள் அமையுமானால் வளைவு நிற்கும். இங்கிருந்து பின்னோக்கிப் பார்த்த அவருக்கு, முன்னோடிகளான கூப்லேயும் கூலுமும் நேர்வழியில் நடந்தவர்கள். பொறியாளர்கள் நவியே முதல் பிப்பார்டு வரை வந்த, தகைவைக் கணக்கிடும் மீட்சிக் கொள்கை ஒரு சுற்றுவழி. பிப்பார்டு தம் சோதனைகளில் வளைவில் கீல்கள் உருவாவதைக் கண்டும் தகைவு வரம்பைக் கைவிடவில்லை என்பது ஹேமன் சொல்லும் குறை.

இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பிப்பார்டின் கணக்கிலிருந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறந்த 'மெக்ஸி' வாய்பாட்டைப் பாருங்கள். வளைவின் தடிமனையும் மேல் நிரப்பின் தடிமனையும் மீட்டரில் கூட்டி வர்க்கப்படுத்த வேண்டும். 740 ஆல் பெருக்கி, கண்ணின் அகலத்தை 1.3 அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் அனுமதிக்கத்தக்க முதற்கட்ட அச்சுச் சுமை டன்னில் கிடைக்கும். 18 மீட்டருக்கு மேற்பட்ட கண்ணுக்கு இது செல்லாது. அரை மீட்டர் கல்லும் 0.4 மீட்டர் மண்ணும் தரும் விடையையே 0.4 மீட்டர் கல்லும் அரை மீட்டர் மண்ணும் தந்துவிடும். கல்லுக்கும் மண்ணுக்கும் ஒரே மதிப்பு! பக்கத்துக் கண்ணைப் பற்றியோ தூணின் பருமனைப் பற்றியோ வாய்பாடு கேட்பதே இல்லை. பதின்மூன்று கண்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்குமிடத்தில் இது பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையை அடைத்தது ஹேமனின் வழிதான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் மெல்போர்னும் கில்பர்ட்டும் 1990களில் செய்த சோதனைகளில், பல கண் செங்கல் வளைவு தனிக் கண்ணைவிடக் குறைந்த சுமையில் வீழ்ந்தது. அவ்வழியிலேயே கில்பர்ட்டின் 'ரிங்' மென்பொருள் கற்களை விறைத்த கட்டிகளாகக் கொண்டு வீழ்சுமையைக் கண்டுபிடிக்கிறது.

ஆனால் வீழ்சுமை ஒரு கேள்வி. அன்றாடச் சுமை வேறொரு கேள்வி. ஜூனில் குற்றாலத்தில் சாரல் பிடிக்கும்போது இந்த மலைப்பாதையிலும் நிரப்பு மண் நீர் குடித்துக் கனக்கும். சுண்ணாம்புச் சாந்து கரையும். ஒவ்வொரு ரயிலுக்கும் இணைப்புகள் எவ்வளவு திறந்து மூடுகின்றன என்பதை விறைத்த கட்டிக் கணக்கு சொல்லாது. பிப்பார்டு வைத்த 1.4 மெகாபாஸ்கல் அமுக்க வரம்பு, கரடுமுரடானதே ஆனாலும், இந்தக் கேள்விக்கான விடை என்றே நான் கொள்கிறேன். அவர் நோக்கம் அதுதான் என்பதற்கு நேர்ச்சான்று மெலிது. ஆயினும், திரும்பத் திரும்ப வரும் சுமையில் வளைவு தன் நிலைச்சுமைத் திறனில் ஏறத்தாழப் பாதியிலேயே சிதையக்கூடும் எனச் சால்ஃபோர்டு சோதனைகள் பிற்பாடு காட்டின. அங்கே சோதிக்கப்பட்டவை பல அடுக்குச் செங்கல் வளைவுகள். அந்த விகிதம் கல்வளைவுக்கு அப்படியே பொருந்துமா என்பது ஐயம்தான்.

இன்று ஸ்டாட் போன்ற கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருளில் கல்வளைவை நேரியல் மீட்சிப் பொருளாக வரைந்தால், கல்லுக்கு இல்லாத இழுவிசையைத் திரை தாராளமாகக் கொடுத்துவிடும். அங்கே ஹேமனின் எச்சரிக்கை முழுதும் செல்லும். இழுவிசை தாங்காத இணைப்புகளை வைத்து, நிரப்பையும் பக்கத்துத் தூண்களையும் சேர்த்து வரையும் வரையறுகூறு மாதிரியில் பிப்பார்டின் கேள்வியை ஹேமனின் எடுகோளோடு கேட்கலாம்.