வரியின் வழியும் முதியோர் வீட்டுக் கணக்கும்

அரசு எவ்வளவு வரி பெறுகிறது என்பதைப் போலவே, அதை எவ்விடத்தில் பெறுகிறது என்பதும் மக்கள் வாழ்வைப் பாதிக்கும். உழைப்போர் ஊதியம் பெறும்போதும் வரி பெறலாம். நுகர்வோர் பொருள் வாங்கும்போதும் பெறலாம். சிங்கப்பூரின் வரி வரலாறு இவ்விரு வழிகளையும் கண்டது. அம்மாற்றத்தின் விளைவு பணி ஓய்வு பெற்றோரின் வீட்டுக் கணக்கில் தெளிவாகப் புலப்படுகிறது.

காலனி ஆட்சியில் இத்தீவு சுங்கத் தீர்வையற்ற துறைமுகமாக விளங்கிற்று. ஆதலின், அபின், மது முதலிய நுகர்பொருள்களே கருவூலத்திற்குப் பெருந்துணையாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, 1948 ஜனவரி முதல் நாள் வருமான வரி நடைமுறைக்கு வந்தது. மிகுதியாக ஈட்டுவோர் மிகுதியாகச் செலுத்துவது அதன் அடிப்படை. ஈட்டுதல் நின்றபின் அச்சுமையும் நீங்கும். 1955இல் தோன்றிய மத்திய சேமநிதியிலிருந்து முதுமையில் பெறும் சேமிப்புக்கும் வருமான வரி இல்லை.

1985ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின், வரிச்சுமையை வருமானத்திலிருந்து நுகர்வுக்கு மாற்றும் கருத்து வலுப்பெற்றது. நிதியமைச்சராக ரிச்சர்ட் ஹூ பணியாற்றிய காலத்தில், 1994 ஏப்ரல் முதல் நாள் பொருள் சேவை வரி 3 விழுக்காட்டில் அறிமுகமாயிற்று. அதே வேளையில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 33லிருந்து 30 விழுக்காடாகக் குறைந்தது. இக்குறைப்பால் பயனடைந்தோர் வருமானம் ஈட்டுவோரே. ஓய்வு பெற்றவருக்குக் குறைப்பதற்கு வருமான வரி இல்லை. செலுத்துவதற்குப் புதிய வரி மட்டும் வந்தது. உழைத்த காலத்தில் வருமான வரி செலுத்தி, எஞ்சியதை வங்கியில் சேர்த்தவர், அதைச் செலவிடுகையில் மீண்டும் வரி செலுத்த நேர்ந்தது.

பின்னர் இவ்வரி 2003இல் 4, 2004இல் 5, 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடென உயர்ந்தது. வரிக்கு உட்பட்ட பொருள்களுக்கு மாதம் 600 வெள்ளி செலவிடும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 3 விழுக்காட்டில் ஆண்டுக்கு 216 வெள்ளியாகும் வரி, 9 விழுக்காட்டில் 648 வெள்ளியாகிறது. குடியிருப்பு வாடகைக்கு விலக்குண்டு. அரிசிக்கும் எண்ணெய்க்கும் இல்லை. ஆண்டு விற்பனை பத்து இலட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு கடைகள் வரி வசூலிக்கக் கடமைப்பட்டவை அல்ல. எனினும், அவற்றின் கொள்முதல் விலையில் வரி கலந்தே இருக்கக்கூடும்.

அரசும் இதனை உணராமலில்லை. 2012இல் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டம் நிலையானதாக அமைந்தது. குறைந்த வருமானத்தினருக்கு ரொக்கமும், 65 வயதைக் கடந்தோருக்கு மெடிசேவ் நிரப்புதொகையும், வீவக வீடுகளுக்குப் பயனீட்டுக் கட்டணக் கழிவும் அதன் உறுப்புகள். இவற்றால் பல முதியோரின் சுமை பெரிதும் குறைகிறது. ஆயினும், வரி நாள்தோறும் கடையில் செலுத்தப்படுகிறது. உதவியோ ஆண்டில் குறித்த சில வேளைகளில் வந்து சேர்கிறது. இடைப்பட்ட மாதங்களைச் சிக்கனத்தால் கடக்க வேண்டியவர் முதியவரே.

அண்மைய உயர்வுக்கு அரசு கூறிய காரணங்களுள் ஒன்று, மூப்படையும் மக்கள்தொகையின் மருத்துவச் செலவாகும். முதியோருக்காகத் திரட்டப்படும் வரியில் முதியோரும் பங்களிக்கின்றனர். ஆகவே, ஒரு வரியின் நேர்மையை அதன் விழுக்காட்டால் மட்டும் அளத்தல் போதாது. ஈட்டும் ஆற்றல் ஓய்ந்த கைகளுக்கு அது எவ்வளவைத் திருப்பித் தருகிறது, எப்போது தருகிறது என்பவற்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.